பிள்ளைகள் தாங்களே பசியாறல் தயாரித்துக்கொள்ளலாமா: எந்த வயதில், எதுவரை?

லிந்தாங் சாலைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்து இன்று பாதி செம்பனையும் பாதி தாமான் (குடியிருப்பு) வீடுகளுமாக மாறிவிட்ட பகுதியில் குடியிருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகனுக்கு ஐந்து வயது, பாலர்பள்ளிக்குப் போய்வருகிறான். கணவருக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை, வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். நானும் வேலைக்குப் போகிறவள். பள்ளி வேன் ஆறேகால் மணிக்கு வாசலில் வந்து நின்றுவிடும் என்பதால், ஐந்தரை மணியிலிருந்து எங்கள் வீட்டில் நடப்பது பசியாறல் இல்லை, ஊட்டிவிட்டுத் துரத்தும் வேலைதான்.

சென்ற பள்ளி விடுமுறையில் மகள் தானாகவே ரொட்டிக்குக் காயா (தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பு) தடவித் தின்றாள், தம்பிக்கும் ஒன்று கொடுத்தாள். அன்றிலிருந்து, "நாளைக்கும் நானே செய்கிறேனே அம்மா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதில் மகிழ்ச்சி. என் மாமியாருக்கோ மனத்தாங்கல். தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். "பெற்றவள் வீட்டில் இருக்கும்போது பச்சைப்பிள்ளை எதற்கு அடுப்படியில் நிற்க வேண்டும்? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. மகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்கவும் மனம் வரவில்லை.

எந்த வயதில் எந்த வேலையைக் கொடுக்கலாம், வெந்நீர் எப்போது, அடுப்பு எப்போது, வேலைநாள் காலையில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலர்பள்ளி ஆசிரியை, கோலகங்சார்

வணக்கம் சகோதரி. பாலர்பள்ளியில் அன்றாடம் கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை வாழைப்பழத்தை உரிக்கும். நாம் நுனியை மட்டும் கிள்ளிக் கொடுத்தால் போதும். நான்கு வயதில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழத்தை வில்லை போடும், ரொட்டியில் மார்ஜரின் தடவும். ஐந்து வயதில் சிறிய குவளையிலிருந்து பால் ஊற்றும், தன் கிண்ணத்தைக் கழுவி வைக்கும். உங்கள் மகள் வயதில், பெரியவர் ஒருவர் அருகில் நின்றால், முட்டை அவிக்கவும் தோசை திருப்பவும் கற்றுக்கொள்ளலாம். இந்த வயதுகளைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையின் கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதையும், சொன்னதைக் கேட்டு நிற்கிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்குத் திறமை இருக்கிறது. பொருள்தான் பிள்ளையின் கைக்கு ஏற்றதாக இல்லை. இரண்டு லிட்டர் பால் போத்தலை ஐந்து வயதுப் பையனிடம் கொடுத்தால் அவன் சிந்தத்தான் செய்வான். கனத்தில் மணிக்கட்டு சாயும், முதலில் ஒன்றும் வராது, பிறகு ஒரேயடியாகக் கொட்டிவிடும். அதே பாலை முந்தைய இரவே கைப்பிடியுள்ள சிறு குவளையில் பாதி அளவு ஊற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். கிண்ணத்தை ஒரு தட்டத்தின் மேல் வைத்து, பக்கத்தில் ஈரத்துணி ஒன்றை அவன் கைக்கு எட்டும்படி போட்டுவிட்டால், சிந்தினாலும் யாரும் கத்த வேண்டியதில்லை; துடைப்பதும் அவன் வேலையில் ஒரு பகுதியாகிவிடும். ரொட்டியும் அப்படித்தான். குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மார்ஜரின் கட்டியாக இருக்கும், தடவினால் ரொட்டி கிழியும், பிள்ளைக்கு அழுகை வரும். ஒரு சிறு கிண்ணத்தில் தேவையான அளவை இரவே எடுத்து மூடி வெளியில் வைத்துவிட்டால் காலையில் இளகியிருக்கும். ரொட்டியின் ஓரத்தை விரல்நுனியால் அழுத்திப் பிடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவச் சொல்லிக் கொடுங்கள்.

இந்தச் சிந்தனை புதிதும் அன்று, பணக்கார வீட்டுப் பழக்கமும் அன்று. மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமாபுரியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த இடம், சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் கேட்பாரற்று மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைக் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் அந்தக் கட்டடத்தின் நிர்வாகம் அவரை அழைத்தது. கை கழுவுவது, நீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, உணவு பரிமாறுவது எல்லாம் அங்கே பாடமாயின. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. தமிழர்களுக்கு அவருடைய முறை அந்தக் காலத்திலிருந்தே அறிமுகமானதுதான்.

மூத்த மகள்

ஆசிரியை எழுதியதில் குறை காண நான் வரவில்லை. ஆனால், பிள்ளை தன் கையால் பசியாறல் செய்துகொள்வதை ஒரு புதிய பெருமையாகப் பேசும்போது, தோட்டத்தில் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடுகிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வாளியும் கத்தியும் நெற்றி விளக்குமாக வெளிக்காட்டுக்குள் நுழைய வேண்டும். அம்மாவும் அப்பாவும் புறப்படும்போது நாங்கள் தூக்கத்தில் இருப்போம். கைக்குழந்தையை அம்மா, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவார். மற்ற தம்பி தங்கைகள் என் பொறுப்பு. அப்போது எனக்கு ஒன்பது வயது. விறகடுப்பை ஊதிப் பற்றவைத்து, வெறுங்கோப்பி கலக்கி, பிஸ்கோத்தை அதில் நனைத்துச் சின்னவனுக்கு ஊட்டி, பழைய சோறு மிஞ்சியிருந்தால் வெங்காயத்தை நசுக்கிப் போட்டுப் பிசைந்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நான் மிச்சத்தைத் தின்று பள்ளிக்கு ஓட வேண்டும். சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் அன்று எனக்குப் பள்ளி கிடையாது. அதைத் தற்சார்பு என்று யாரும் பாராட்டவில்லை. அது வேறு வழியில்லாமல் தலையில் விழுந்த வேலை. என்னைவிட ஒரு வயதே இளைய தம்பி அந்த வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே இழையைத் தொடங்கிய தங்கையிடம் நான் கேட்பது இதுதான். ஒரு நாள் உங்கள் மகள், "இன்றைக்கு எனக்கு முடியவில்லை, நீங்களே செய்து கொடுங்கள்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? சிரித்துக்கொண்டே ஒரு தோசை வார்த்துக் கொடுப்பீர்கள் என்றால் தாராளமாக விடுங்கள். அவள் செய்யாவிட்டால் தம்பி பட்டினியாகத்தான் வேன் ஏற வேண்டும் என்கிற நிலைமை என்றால், வீட்டில் ஆள் போதவில்லை என்று பொருள்; அந்தக் குறையைப் பிள்ளையை வைத்து நிரப்பாதீர்கள்.

உங்கள் மாமியாரின் பேச்சை, பார்க்கிறவர்களுக்குப் பயந்த பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் பிள்ளைகள் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருந்து ஒரு வாய் ஊட்ட முடியாமல் மரத்தடிக்கு ஓடியவர் அவர். பேரப்பிள்ளைக்குத் தட்டு வைக்கும் வாய்ப்பு இப்போதுதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதை நீங்களும் பிடுங்கிக்கொள்கிறீர்களோ என்றுகூட அவருக்குத் தோன்றலாம்.

லிந்தாங் சாலைத் தாய்

அக்கா, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. என் மாமியாரும் கடைசிப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்தான். அவரிடம் பேசிப் பார்க்கிறேன். மகள் முடியாது என்று சொன்னால் நானோ அவரோ செய்து கொடுப்போம். அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

மருத்துவமனைத் தாதி

நான் தாதியாக வேலை செய்கிறேன். வயது, மனநிலை பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். என் அக்கறை சூடும் தொண்டையும் மட்டுமே.

சமையலறையில் சிறு பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் கத்தி வெட்டைவிட நான் அஞ்சுவது வெந்நீர்க் கொப்புளத்தைத்தான். குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது. 60 பாகை செல்சியஸ் நீர்கூடச் சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். இப்போதுதான் கலக்கிய தேநீரோ மைலோவோ கால் மணி நேரம் கழித்தும் சுடக்கூடிய வெப்பத்தில் இருக்கும். மேசைவிரிப்பின் நுனி தொங்கினால் தவழும் பிள்ளை இழுக்கும், குவளை அதன் தலையில் சாயும். மேசைவிரிப்பை எடுத்துவிடுங்கள். குவளையில் வரும் மெகி மீயை மைக்ரோவேவில் சுட வைத்துப் பிள்ளைகளே எடுப்பதும் அதே அளவு ஆபத்து. அந்தக் குவளை உயரமாகவும் அடிப்பகுதி குறுகலாகவும் இருப்பதால் எளிதில் கவிழும்; சூடான நூடல்ஸ் தோலில் ஒட்டிக்கொண்டு, வெறும் நீரைவிட அதிக நேரம் சுடும்.

பிள்ளைக்கு மைலோ கலக்கத் தெரிய வேண்டும் என்றால் வெந்நீர் பிளாஸ்கைத் தொடவே வேண்டியதில்லை. மைலோத் தூள் குளிர்ந்த பாலில் நேராகப் போட்டால் கரையாமல் மேலே மிதக்கும் என்பது உண்மை. இரண்டு கரண்டித் தூளில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சமாக விட்டு முதலில் குழம்பாகக் குழைத்து, அதன்மேல் பாலை ஊற்றிக் கலக்கினால் கட்டி தட்டாது. அந்த வெதுவெதுப்பான நீரைப் பெரியவர் எடுத்து வைத்தால் போதும்.

சுட்டுவிட்டால் உடனே குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, கிச்சாப்பு (சோயா சாஸ்), வெண்ணெய் எதையும் பூச வேண்டாம்; நம் ஊரில் கிச்சாப்புப் பூசிக்கொண்டு வருகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அவை சூட்டை உள்ளேயே தேக்கும், காயத்தைப் பார்க்கவும் எங்களுக்குத் தொல்லை. மோதிரம், காப்பு இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மறைவிடம் போன்ற இடமாக இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் புறப்பட்டு வந்துவிடுங்கள்.

தொண்டையைப் பொறுத்தவரை, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சானோ வேறு கொட்டைகளோ கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். குறுக்காக வெட்டிய வட்டத் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ரம்புத்தான் காலத்தில் அக்கா தோலை உரித்துத் தம்பி கையில் முழுப் பழத்தைக் கொடுக்கிற காட்சி நம் வீடுகளில் சாதாரணம். வழுக்கும் சதையும் உள்ளே கொட்டையுமாக இருக்கும் பழம் அது. சதையைக் கொட்டையிலிருந்து சீவித்தான் கொடுக்க வேண்டும். எதுவானாலும் உட்கார்ந்து தின்னட்டும். காலணி மாட்டிக்கொண்டே, வேனுக்கு ஓடிக்கொண்டே மெல்லக் கூடாது.

எரிவாயுத் தோம்பு பற்றி ஒரே ஒரு வார்த்தை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், அதாவது பிள்ளையின் உயரத்தில். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை அடைத்துவிட்டால், காலையில் பெரியவர் எழுந்து திறக்கும்வரை யார் திருகினாலும் அடுப்பு எரியாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நல்ல விவாதம். ஒன்றை மட்டும் அனைவரும் தொடாமல் போகிறீர்கள்: நேரம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டுச் சபா, சரவாக்குடன் ஒன்றாக்கப்பட்டது. பேராக்கில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கு. பிப்ரவரி மாதம் ஏழரையை நெருங்கிவிடும். ஐந்தே முக்கால் மணிக்குப் பிள்ளையை எழுப்பிப் பசியாறச் சொல்லும்போது அதன் உடம்புக்கு அது இன்னும் நடு இரவுதான். வயிறு திறக்காத நேரத்தில் ரொட்டியைத் திணிப்பதும், அந்த நேரத்திலேயே தற்சார்பும் பழக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் பிள்ளைக்கும் தாய்க்கும் சண்டையை மூட்டிவிடும்.

நான் பள்ளியில் இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்த்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒன்றும் தின்னாமல் வந்தவர்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச்சாலையில் ஆர்.எம்.டி. என்ற அரசுத் திட்டத்தின் இலவச உணவு கிடைக்கும்; மற்றவர்கள் ஓய்வுநேரம் வரை காத்திருக்க வேண்டும். அதனால் நான் பெற்றோரிடம் சொல்லிவந்தது: காலையில் ஒரு குவளைப் பாலும் ஒரு வாழைப்பழமும் உள்ளே போனால் போதும், மீதியை உணவு டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். அந்த டப்பாவைப் பிள்ளையே முந்தைய மாலை, வீட்டுப்பாடம் முடிந்ததும், நிதானமாக நிரப்பட்டும். எதை வைப்பது என்று யோசிப்பது, மூடி சரியாக மூடியதா என்று தட்டிப் பார்ப்பது, பையில் எடுத்து வைப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மறந்துவிட்டால் மறுநாள் பசி உணர்த்தும்; தாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடிவர வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: தேங்காய்ப் பால் சேர்த்தது, சோறு, முட்டை போன்றவற்றை இரவு முழுவதும் டப்பாவில் வெளியே வைக்கக் கூடாது; நம் வெப்பத்தில் கெட்டுவிடும். பிஸ்கட், பழம் போன்றவற்றை மட்டும் மாலையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைக்கு இது பிற்காலத்திலும் உதவும் என்பதால் பாட்டியும் விரைவில் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

மூத்த மகள்

ஐயா, உங்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. டப்பா யோசனையை என் பேரனுக்கே சொல்லப்போகிறேன். கடைசி வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெண் பிள்ளைக்கு உதவும் என்பதற்காகக் கற்றுக்கொடுத்தால், ஆண் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற பொருள் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. இந்த வீட்டில் ஐந்து வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். அக்கா ரொட்டி தடவித் தம்பிக்குக் கொடுத்தாள் என்று இழையின் தொடக்கத்தில் படித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. அன்று அது அன்பு. அடுத்த வாரமும் அவளே கொடுத்தால் பழக்கம். ஒரு வருடம் போனால் அது அவளுடைய கடமை ஆகிவிடும், கொடுக்காத நாளில் திட்டும் விழும். அவரவர் ரொட்டியை அவரவர் தடவட்டும். தம்பி கோணலாகத் தடவினால் கோணலாகத் தின்னட்டும்.

இரு பையன்களின் அப்பா

அக்கா சொன்னது சரிதான் என்பதற்கு எங்கள் வீட்டில் சாட்சி இருக்கிறது. எனக்கு இரண்டும் பையன்கள், ஏழும் பத்தும் வயது. பெண் பிள்ளை இல்லாததால் யார் தலையிலும் வேலையைக் கட்ட முடியவில்லை. இருவரும் தாங்களே செய்கிறார்கள். மனைவி இரவு வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவார், காலைப் பொழுது என் கையில்.

ஆசிரியையும் தாதி அவர்களும் சொல்லாத எதிரி ஒன்று இருக்கிறது: எறும்பு. சீனி டின்னின் மூடியை அரைகுறையாக மூடிவிட்டுப் போவார்கள், மாலையில் வந்து பார்த்தால் டின்னுக்குள் கறுப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். பாட்டி காலத்து வழிதான் கைகொடுத்தது. காயா போத்தலையும் சீனி டின்னையும் நீர் ஊற்றிய தட்டில் நிறுத்திவைத்தோம். பிஸ்கட் டின்னுக்கு இந்த ஊர் ஈரக்காற்று பகை. மூடவில்லை என்றால் மறுநாளே நமத்துப்போகும். நமத்த பிஸ்கட்டை வீசிவிட்டுப் புதிய பொட்டலம் உடைக்க நான் மறுத்துவிட்டேன். அதைத் தின்று முடித்த பிறகு மூடி தானாகவே இறுகிவிட்டது.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையானது. பிள்ளைகளுக்குப் பசியாறல் செய்யத் தெரியும் என்பதைக் காரணமாக வைத்து, பெரியவர்கள் யாருமில்லாமல் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, தகுந்த மேற்பார்வைக்கும் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிள்ளை மைலோ கலக்கிக்கொள்ளும்போது நான் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். கண்ணை அவர்கள்மேல் பதித்திருப்பதில்லை, காது மட்டும் அங்கேதான் இருக்கும். அந்த அளவு தூரம் போதும் என்பது என் கருத்து. தலைமேல் நின்றுகொண்டு "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எரிச்சல்தான் வருகிறது.

பாலர்பள்ளி ஆசிரியை, கோலகங்சார்

ஐயா எழுப்பிய நேரக் கணக்கு மிக முக்கியமானது. புதிய வேலை எதையும் பள்ளி நாளில் தொடங்காதீர்கள். சனி, ஞாயிறு அல்லது பள்ளி விடுமுறையில், எட்டு மணி வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பழகியதை மட்டும் வேலைநாளுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளை ஒரு ரொட்டி தடவப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடமும் நம் கை சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரியவர்களுக்குள்ள மிகக் கடினமான வேலை.

என்ன தின்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளையின் கையில் பொறுப்பை விட்டதும் முதலில் ஏறுவது சீனிதான். காயா இரண்டு மடங்காகும், மைலோ மூன்று கரண்டியாகும், அதன்மேல் டின் பால் வேறு. டின் பால் என்று நாம் சொல்லும் இனிப்புப் பால் பெரும்பாலும் சீனியே. அது பிள்ளைக்குப் பால் ஆகாது. நாளில் உடலுக்குச் சேரும் ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. வீட்டில் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. காயா போத்தலில் சிறிய கரண்டியைப் போட்டு வையுங்கள். ஒரு ரொட்டிக்கு ஒரு கரண்டி என்பது வீட்டு வழக்கமாகட்டும். தேர்வைப் பிள்ளையிடம் விடுங்கள், ஆனால் எதிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். "என்ன வேண்டும்?" என்று வெறுமனே கேட்டால் அன்றாடம் மெகி மீதான் பதிலாக வரும். "வாழைப்பழ ரொட்டியா, அவித்த முட்டையா?" என்று கேட்டுப் பாருங்கள்.

முட்டை என்றதும் நம் கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை நினைவுக்கு வரும். அதைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சால்மோனெல்லா கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் முழுவதும் சாகாது. கெட்டியாக அவித்த முட்டையை முந்தைய நாளே பெரியவர் அவித்துக் குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் ஓட்டை உரிப்பது பிள்ளையின் வேலை. முட்டையின் அகன்ற முனையில் தட்டி, காற்றறை இருக்கும் அந்த இடத்திலிருந்து தொடங்கினால் ஓடு சுலபமாகக் கழலும். ஐந்து வயதுப் பையன்கள் இந்த வேலையை மிகவும் விரும்புவார்கள். தம்பியிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மூத்த மகள் அவர்களுக்கு: தாங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் பாட்டியின் மனம் எந்த வழியில் இளகுமோ அந்த வழியில் முதலில் நுழையலாம் என்பது என் எண்ணம். தம்பியும் சேர்ந்து செய்வதைப் பார்த்தால் அவரே கேள்வி கேட்பார், அப்போது பேசிக்கொள்ளலாம்.

மூத்த மகள்

அந்த வழியில் நுழைந்த வீடுகள் அங்கேயே நின்றுவிட்டதை நான் நிறையப் பார்த்துவிட்டேன் ஐயா. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

லிந்தாங் சாலைத் தாய்

அனைவருக்கும் நன்றி. மாமியாரிடம் பேசிவிட்டேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேசினார். பெரட்டு மணி அடிக்கும்போது, சிறுபிள்ளையாக இருந்த என் கணவர் பாயில் உட்கார்ந்துகொண்டு அழுவாராம். திரும்பிப் பார்த்தால் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று மாமியார் திரும்பாமலே போவாராம். இதை இத்தனை வருடமாக எங்களிடம் அவர் சொன்னதில்லை.

முடிவாகியிருப்பது இதுதான். பள்ளி நாட்களில் காலைப் பசியாறலைப் பாட்டிதான் கொடுப்பார். அதில் யாரும் தலையிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உணவு டப்பாவை இருவரும் மாலையில் தாங்களே நிரப்புவார்கள். சனி, ஞாயிறுகளில் அவரவர் ரொட்டி அவரவர் பொறுப்பு, கிண்ணம் கழுவுவது உட்பட. முட்டை உரிப்பது மகன் வேலை. அடுப்பு மகளுக்கு இப்போதைக்கு இல்லை. ஆண்டு இறுதி விடுமுறையில் கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் தோசைக்கல்லோடு தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறோம். தோசையைத் திருப்ப மகனும் ஆசைப்படுகிறான், அவனுக்கு இன்னும் உயரம் போதாது. ஸ்டூல் போட்டு நிற்க வைக்கலாமா?

பாட்டி தன் பங்குக்கு ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இட்டிலி அவருடையது. மாவு கரைப்பதும் அவர்தான். குழித்தட்டில் எண்ணெய் தடவுவதற்கு மட்டும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வாராம்.

மருத்துவமனைத் தாதி

ஸ்டூல் வேண்டாம். அடுப்புக்கு முன்னால் ஸ்டூல் வழுக்கினால் பிள்ளை பிடித்துக்கொள்ள எட்டுவது தோசைக்கல்லின் கைப்பிடியைத்தான். தரையில் நின்றபடியே கல்லின் மேற்பரப்பைப் பார்க்கும் உயரம் வந்த பிறகு அவன் தொடங்கட்டும். மகள் நிற்கும்போதும் பின்னால் இருக்கும் அடுப்பைப் பயன்படுத்துங்கள், கைப்பிடி சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருக்கட்டும், தலைமுடியைக் கட்டிவிடுங்கள், தளர்ந்த கைச்சட்டை வேண்டாம்.

எண்ணெய் தடவுவதில் ஒரு தொல்லையும் இல்லை, குழித்தட்டு ஆறியிருந்தால் போதும். இட்டிலிச் சட்டியின் மூடியைத் திறப்பது மட்டும் பாட்டியின் வேலையாகவே இருக்கட்டும். திறக்கும்போதும் மூடியைத் தன் பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்து, ஆவி முழுவதும் போன பிறகு தட்டை எடுக்கச் சொல்லுங்கள்.